குடியை விட்டாச்சு, இனிப் பின்னேரங்களில் எங்கே போவது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஞாயிறு காலைகளில் குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் ஒரு சின்னக் கூட்டத்தில் தேத்தண்ணி ஊற்றுவது என் வேலை. எட்டுப் பேர் வந்தால் அது எங்களுக்குப் பெரிய கூட்டம். நான் 16 வருடம் குடித்தேன். விட்டு 9 வருடமாகிறது. புதிதாக வருகிறவர்களும், அவர்களைக் கையோடு கூட்டிவரும் அம்மாமாரும் அக்காமாரும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். சாராயத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், எனக்குப் பழக்கமான பேய் அதுதான். ஐஸ், தூள் (ஹெரோயின்), மாத்திரை என்று வேறு வழியால் வந்தவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

நாளையிலிருந்து ஒரேயடியாக நிப்பாட்டிவிடலாமா?

ஒவ்வொரு நாளும் நிறையக் குடித்து வந்தவர் என்றால் முதலில் டொக்டரைக் காணுங்கள், கூட்டமெல்லாம் பிறகு. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 2 நாட்களுக்குள் வரும். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணில் தெரியும், எங்கே இருக்கிறோம் என்பது குழம்பும், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் ஏறும். அது உயிரையே எடுக்கக்கூடிய நிலை. "அறையில் பூட்டி வைத்தால் மூன்று நாளில் இறங்கிவிடும்" என்று சொல்லும் மாமாமார் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வலிப்போ குழப்பமோ தெரிந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரையும் விற்றமின் பி1 உம் கொடுத்து அந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள்.

தூள் விட்டவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்தால் வரும். சில வாரம் எடுக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒருநாள் மனம் தடுமாறிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஐஸ் விட்டவர்களுக்கு முதல் வாரங்களில் மனம் பாதாளத்துக்கு இறங்கும். அவர்களைத் தனியே விடாதீர்கள்.

முதல் கோல் யாருக்கு எடுப்பது?

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. பெயரைக் கேட்டு வழக்கு, பொலிஸ் என்று பயப்பட வேண்டாம், ஆலோசனையும் சிகிச்சையும் அவர்கள் வேலையில் அடங்கும். மனசு உடைந்த நேரம், இரவு இரண்டு மணி என்றாலும், 1926 இருக்கிறது. அது அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். "அங்கொடை" என்ற சொல்லை நாங்கள் பள்ளிக்கூடத்தில் கேலிக்குப் பாவித்து வளர்ந்தவர்கள். அந்தச் சொல் கூசியதால் மட்டும் நான் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ இருக்கிறது. 1974இல் தொடங்கியது, மனம் நொந்தவர்கள் வந்து கதைக்கும் இடம். குடிக்கும் போதைக்கும் என்றே அவர்கள் நடத்தும் பிரிவு மெல் மெதுர. கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவர் வர மறுத்தாலும் வீட்டுக்காரர் தனியாகப் போய்க் கதைக்கலாம்.

ஏ.ஏ. என்கிறார்களே, அது சமயக் கூட்டமா?

இல்லை. ஏ.ஏ. என்பது அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் கூட்டம். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு அப்படித் தோன்றக்கூடும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும் சந்தித்தார்கள். இரண்டு பேருமே குடியால் நாசமானவர்கள். ஒருவர் கதைக்க மற்றவர் கேட்டபோது அன்றைக்குக் குடிக்கும் ஆசை தணிவதைக் கண்டார்கள். ஏ.ஏ.யின் முழு இயந்திரமும் அதுதான், மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது. உறுப்பினராகக் குடியை விடும் விருப்பம் ஒன்று போதும். சந்தா கிடையாது; தேத்தண்ணிச் செலவுக்கு ஒரு தட்டு சுற்றி வரும், போட்டால் போடலாம். போதைப்பொருளுக்கு என்.ஏ. (நார்கோட்டிக்ஸ் அனானிமஸ்) என்று தனியாக 1953இல் தொடங்கியது.

ஏ.ஏ.யின் வழிமுறையான 12 படிகளில் கடவுள் வருகிறார்தான், "நாம் விளங்கிக்கொண்டபடி" என்ற ஒட்டோடு; "மேலான சக்தி" என்றும் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் முருகனும் அந்தோனியாரும் அல்லாவும் இருக்கிறார்கள், ஒன்றையும் நம்பாத ஒரு கணக்காளரும் இருக்கிறார். அவர் தன் மேலான சக்தி "இந்த மேசை" என்கிறார். கடவுள் பேச்சே ஒத்துவராது என்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற முறை இருக்கிறது; எண்ணங்களையும் பழக்கங்களையும் கணக்குப் போல எழுதிப் பார்க்கும் முறை, ஒன்லைனில் கிடைக்கும்.

தமிழில் கதைக்க முடியுமா?

நான் முதலில் போன கூட்டம் ஆங்கிலமும் சிங்களமும் கலந்தது. ஒஃபீஸில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவன் நான். ஆனால் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் குடித்ததை ஆங்கிலத்தில் சொன்னபோது அது வேறு யாருடையோ கதை போல இருந்தது. தமிழில் சொல்ல எனக்கு இன்னும் ஐந்து மாதம் எடுத்தது. சொன்ன அன்றைக்குத்தான் அழுதேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கக் காரணம் அதுதான்.

நேரில் தமிழ்க் கூட்டம் கிடைக்காதவர்கள் 2020 முடக்கத்தோடு பெருகிய தமிழ்நாட்டுக் குழுக்களின் ஒன்லைன் கூட்டங்களைத் தேடுங்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் மணிக்கூடு ஒன்று, கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அவர்கள் "சரக்கு" என்பது எங்கள் "சாமான்". பேச்சு வித்தியாசம் இரண்டாம் கூட்டத்தில் மறந்துபோகும்.

தெரிந்த ஆள் யாராவது என்னைக் கண்டுவிட்டால்?

நியாயமான பயம். வெள்ளவத்தையில் காலையில் நடப்பது மத்தியானத்துக்கு முன் ரொறொன்டோவுக்குத் தெரிந்துவிடும், பம்பலப்பிட்டிக்கு வரத்தான் பின்னேரமாகும். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நீங்கள் காலி வீதியில் தள்ளாடியதை ஊர் ஏற்கெனவே கண்டிருக்கிறது. கூட்டத்தில் உங்களைக் காண்பவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. 9 வருடத்தில் ஒருமுறை ஒருவர் வெளியே கதைத்தார். அவரை வர வேண்டாம் என்று சொன்னோம்.

கூட்டம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் பெரிது. டொக்டர்மாரிடம் இதற்கு மருந்து இல்லை.

குடிக்கிறவனின் நாள் பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். விட்டபின் அந்த நான்கு மணித்தியாலமும் வெறுமனே கிடக்கும். நான் கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வருவேன். என் வீட்டுக்கு இரண்டு ஹோல்ட் முன்னால் ஒரு பார். விட்ட முதல் கிழமை, குடிக்கும் எண்ணமே இல்லாமல் அந்த ஹோல்டில் இறங்கி நின்றேன். கால் தானாக இறங்கியது. மறுநாளிலிருந்து ரெயிலில் வந்தேன். கரையோர ரெயிலின் ஜன்னலுக்கு வெளியே கடல்தான் தெரியும், பார் போர்ட் ஒன்றும் தெரியாது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கினால் கடற்காற்றுப் படும். இவ்வளவு சின்ன மாற்றம் எனக்கு ஒரு வருடத்தைக் காப்பாற்றித் தந்தது. ஆகவே முதல் வேலை, உங்கள் வழியை மாற்றுங்கள்.

இரண்டாவது, ஆறு மணிக்கு எதையாவது சாப்பிடுங்கள். ஒரு ரோல்ஸ், கொஞ்சம் கடலை, பாணும் சம்பலும், எதுவென்றாலும். வயிற்றுப் பசி குடிப்பசியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். இனிப்பில் ஆசை வருவதும் வழமை. முதல் மாதங்களில் நான் பிளேன்டீக்கு நான்கு கரண்டி சீனி போட்டேன். நீரிழிவு இல்லாதவர் கொஞ்ச நாளைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் குடிக்கும் ஆசையைக் கடல் அலைக்கு ஒப்பிட்டார். ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை. அந்த அரை மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கையில் ஒரு வேலை வேண்டும்.

இடங்களைப் பற்றி. சுதந்திர சதுக்கத்தில் பின்னேரம் நடப்பவர்கள் நிறையப் பேர், வெளிச்சம் இருக்கும், தனியாகப் போனாலும் தனிமை தெரியாது. மரைன் டிரைவ் நல்லதுதான், ஆனால் இருட்ட முன் திரும்பிவிடுங்கள். இருட்டியதும் கற்களில் உட்காரும் செட்டுகளின் கையில் ஷொப்பிங் பேக்கில் என்ன இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். காலையில் எழும்ப முடிந்தவர்கள் கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததைப் பத்திரிகையில் படித்துவிட்டு மறந்திருப்போம். விடியக்காலையில் தெளிந்த கண்ணோடு அங்கே நீர்க்காகம் சிறகு காயவைப்பதைப் பார்த்த ஒரு தம்பி, "அண்ணை, நான் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு விடியலைப் பார்த்ததே இல்லை" என்றான். பார்த்திருப்பான், மறுபக்கத்திலிருந்து.

காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக என்று கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்: மனைவி பிள்ளைகளோடு போங்கள், இஸ்ஸோ வடை சாப்பிடுங்கள், பட்டம் விடுங்கள். தனியாகப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு யோசிக்கிற வேலை முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

வாசிக்கிறவர்களுக்கு வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய சங்கம், நூலகம் இருக்கிறது, சொற்பொழிவும் நூல் வெளியீடும் நடக்கும். நூல் வெளியீடுகளில் வரவேற்புரைக்கு முன் வாழ்த்துரை, பிறகு ஆசியுரை, பிறகு அறிமுகவுரை என்று மூன்று மணித்தியாலம் இழுபடுவதை எல்லாரும் திட்டுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது வரம். ஐந்தரைக்கு உட்கார்ந்தால் எட்டரைக்கு எழும்பலாம், இடையில் வடையும் வரும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் ஒரு முழுநாளைக் கொன்றுவிடலாம்.

கெரம், சொஃப்ட்போல் கிரிக்கெட், 304 எல்லாம் நல்லது. சீட்டு விளையாடும்போது காசு வைக்காதீர்கள். சாராயத்தை விட்டு புக்கியில் போய் உட்கார்ந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் அதில் த்ரீவீலை இழந்தார்.

போயா நாளில் கடை பூட்டுவதால் அது பாதுகாப்பான நாள்தானே?

கடை பூட்டுகிறது, அது உண்மை. அதனால்தான் முதல் நாள் பின்னேரம் கடை வாசலில் கோவில் திருவிழா மாதிரிக் கூட்டம் நிற்கிறது. போயா என்றால் லீவு, வீட்டில் இரண்டு போத்தல், நாலு நண்பர்கள் என்பதுதான் கொழும்பு வழக்கம். சாமான் முடிந்தால் எந்த ஒழுங்கையில் கசிப்புக் கிடைக்கும் என்பதும் அந்த நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே நாங்கள் போயாவைக் கைப்பற்றினோம். ஒரு அண்ணையின் வீட்டு மொட்டைமாடியில் கூழ் காய்ச்சுகிறோம். முதல் நாள் பின்னேரம், மற்றவர்கள் அங்கே வரிசையில் நிற்கும்போது, நாங்கள் வெள்ளவத்தை மார்க்கட்டில் நண்டுக்கும் மீன்தலைக்கும் நிற்போம். ஒடியல் மா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும். பயிற்றங்காய் முறிக்க ஒருவர், பலாக்கொட்டை உரிக்க ஒருவர், செத்தல் அரைக்க ஒருவர், குறை சொல்ல இரண்டு பேர். பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குத்தான் குடிக்கலாம். அவ்வளவு நேரம் எல்லாருடைய கையும் வேலையில் இருக்கும். கூழுக்குக் கள்ளுத்தான் சோடி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எங்களுக்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர்.

வெசாக்கும் பொசனும் தனி அழகு. தன்சலில் ஆள் தேவைப்படும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியன்களோடு நின்று சனத்துக்கு மரவள்ளியோ ஐஸ்கிரீமோ கொடுத்துப் பாருங்கள். இரவு பதினொரு மணிவரை ஊரே தெருவில் நிற்கும், ஒருவர் கையிலும் போத்தல் இருக்காது.

கலியாண வீடு, செத்த வீடு வந்தால் எப்படித் தப்புவது?

தாலி கட்டும் நேரத்தில் ஆபத்தில்லை. ஆபத்து ரிசெப்ஷன் இரவில், ஹோலுக்குப் பின்னால், கார் டிக்கியில் இருக்கிறது. "மச்சான் ஒருக்கா வா" என்று தோளில் கை விழும். சாப்பாட்டுக்கு நேரத்தைப் பார்த்துப் போய், சாப்பிட்டு, என்வலப்பைக் கொடுத்து, ஃபோட்டோவுக்கு நின்றுவிட்டு வெளிக்கிடுங்கள். கை எப்போதும் ஒரு கிளாஸைப் பிடித்திருக்கட்டும், நெக்டோவோ ஜிஞ்சர் பியரோ. வெறுங்கையைக் கண்டால்தான் ஊற்ற வருவார்கள்.

செத்த வீடு இதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே துக்கமும் உண்மை. மலர்ச்சாலையில் வைத்திருக்கும்வரை பரவாயில்லை. கனத்தை மயானத்தில் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்த பிறகு ஆம்பிளைகள் ஒதுங்குவார்கள். என் தகப்பன் செத்தபோது ஒரு மூத்த தோழர் சொன்ன புத்தியைத்தான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன்: ஒரு பொறுப்பை எடு. தேத்தண்ணி கொண்டுபோ, கதிரை எண்ணு, வயதான அன்ரிமாரை வீட்டில் விடும் வேலையைக் கேட்டு வாங்கு. "அன்ரியை விட்டுட்டு வாறன்" என்று சொல்லிப் போனவன் திரும்பி வராவிட்டாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் மச்சான் டியூட்டி ஃப்ரீ போத்தலோடுதான் படியேறுவார். பாசத்தின் அளவே அதுதான் என்று ஆகிவிட்டது. அவர் விமானம் ஏற முன் வட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், எனக்குச் சொக்லேட் கொண்டு வா என்று.

"ஏன் எடுக்கிறதில்லை?" என்பதற்கு நீங்கள் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. "சுகர்" என்று சொல்லுங்கள். எங்கள் சனம் குடியை விட்டவனைச் சந்தேகத்தோடு பார்க்கும், சீனி வருத்தக்காரனுக்கோ எழும்பி நின்று வழிவிடும்.

மாலை போட்டால் குடி போய்விடும் என்கிறார்களே?

ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்த பலரை எனக்குத் தெரியும். நானும் இரண்டு முறை இருந்தேன். அந்த 41 நாளும் ஒரு சொட்டுக்கூட நான் தொடவில்லை, பெரிய கஷ்டமும் இருக்கவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றிரவே குடித்தேன்.

பல வருடத்துக்குப் பிறகுதான் அது ஏன் என்று விளங்கியது. விரத நாட்களில் விடிய எழும்பிக் குளிக்கிறோம், பின்னேரம் பஜனை இருக்கிறது, எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், பழைய செட் தானாக விலகி நிற்கிறது, பக்கத்தில் இன்னும் பத்துச் சாமிமார் இருக்கிறார்கள். சாமியின் அருளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பின்னேரங்களில் எனக்குப் போக ஒரு இடம் இருந்தது, காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். மாலையைக் கழற்றிய நாளில் அவ்வளவும் ஒன்றாகக் கழன்றுவிட்டது. தவக்கால 40 நாளுக்கு விட்டு உயிர்த்த ஞாயிறன்று தொடங்குகிறவர்களுக்கும், நோன்பு மாதத்தில் விட்டுப் பெருநாளன்று தொடங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மாலை போடுங்கள், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வையுங்கள். கூடவே 42ஆம் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்பதையும் மாலை போடும் அன்றைக்கே ஒரு துண்டில் எழுதிப் பொக்கெட்டில் வையுங்கள்.

பழைய நண்பர்களை விட்டுவிட வேண்டுமா?

எல்லாரையும் அல்ல. ஒரு வழி சொல்கிறேன்: ஒவ்வொருவரையும் காலை எட்டு மணிக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். வருகிறவர் நண்பர். எங்கள் செட்டில் பதினொரு பேரில் மூன்று பேர் வந்தார்கள்.

தெரியாமலே உள்ளே போய்விடுமா?

போகும். ஆயுர்வேத அரிஷ்டங்களில் நொதித்து உண்டாகும் மது இருக்கும். கிறிஸ்மஸ் கேக்கிலும், கலியாண வீட்டில் பெட்டியில் தரும் கேக்கிலும் பிரண்டி ஊற்றியிருப்பார்கள். சில இருமல் பாணிகளிலும் உண்டு. குடித்தால் உடம்புக்கு ஒத்துவராமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை டொக்டர் தந்து எடுப்பவர்கள் இவற்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். மதுவற்ற பியர் என்று விற்பதில் கொஞ்சம் மது இருக்கலாம், அதைவிட அதன் மணமும் போத்தலும் பழைய வாசலைத் தட்டும். நான் தொடுவதில்லை.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடாது. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கவைக்கலாம்" என்ற விளம்பரங்களை நம்பி அம்மாமார் காசைக் கொட்டுகிறார்கள். அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி ஏதாவது இருந்து, அது தெரியாமல் அவர் அன்றைக்குக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கண்டுபிடித்துவிட்டாரோ, பிறகு உங்கள் கையால் தண்ணீரும் வாங்கிக் குடிக்கமாட்டார்.

கலியாணம் செய்துவைத்தால் திருந்துவான்தானே?

திருந்தமாட்டான். அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

பெண்களுக்கு இடம் இருக்கிறதா?

குடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையே எங்கள் சமூகம் ஒத்துக்கொள்வதில்லை. வைன், நித்திரைக் குளிசை, நோக்குளிசை என்று வீட்டுக்குள்ளே நடக்கும், கதவு சாத்தியிருக்கும். ஆம்பிளைகள் நிறைந்த கூட்டத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து கதைப்பது லேசான காரியமில்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்த முதல் அக்கா மூன்று கிழமை வாயே திறக்கவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ரியூஷனில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறதே, அந்த நேரத்தில் ஒருவர் வீட்டில் நான்கு பெண்கள் கூடுகிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. நித்திரைக் குளிசையையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, டொக்டர் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

குடிப்பது அவர். நான் என்ன செய்வது?

ஏ.ஏ.யைத் தொடங்கிய அந்தப் பங்குத் தரகரின் மனைவி லோயிஸ் இதே கேள்வியோடுதான் 1951இல் குடும்பத்தினருக்கென்று அல்-அனொன் என்ற அமைப்பை உருவாக்கினார். அங்கே முதலில் சொல்லித் தருவது மூன்று: நீங்கள் இதை உண்டாக்கவில்லை, உங்களால் கட்டுப்படுத்த முடியாது, உங்களால் குணமாக்கவும் முடியாது. முதலாவதைக் கேட்டு அழாத அம்மாவை நான் காணவில்லை.

நடைமுறையில் என்றால், ஒஃபீஸுக்குக் கோல் எடுத்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துங்கள். அலுமாரியில் போத்தல் தேடி ஊற்றுவதையும் விடுங்கள், அவர் ஒளிக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்ததைவிடக் கூட. வெறியில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், காலையில் கதையுங்கள். அவர் கேட்டால் மட்டும் சம்பளம் வரும் 25ஆம் திகதி பாங்க் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் இரண்டு வருடமும் அம்மாதான் வைத்திருந்தார், பஸ் காசு எண்ணித் தருவார். வெட்கமாக இருந்தது, ஆனால் வேலை செய்தது.

கை ஓங்குகிறார் என்றால் இந்தப் பொறுமையெல்லாம் செல்லாது. பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஒருநாள் சறுக்கிவிட்டால் எல்லாம் போச்சா?

ஒரு கிளாஸ் உள்ளே போனதும் மனம் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிவரும்: "எப்படியும் உடைச்சாச்சு, இனி முழுசாகவே குடி." அந்த வாதம்தான் ஒரு கிளாஸை ஒரு மாதமாக்குவது. அன்றைக்கே, வெறி இறங்க முன்னமே, ஒருவருக்குக் கோல் எடுங்கள். எங்கள் கூட்டத்தில் சறுக்கி வந்தவரைத் திட்டுவதில்லை. அன்று பின்னேரம் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்போம். பதில் பெரும்பாலும் "தனிய இருந்தன், ஒண்டும் சாப்பிடேல்லை" என்பதாகத்தான் இருக்கும். தூள்காரர்களுக்கு முன்னே சொன்ன ஆபத்து இங்கேதான்: பழைய அளவு இப்போது விஷம்.

கொட்டாஞ்சேனையில், தெகிவளையில் நாங்களே ஒன்று தொடங்கலாமா?

தாராளமாக. மூன்று பேர் போதும், அதில் ஒருவராவது ஒரு வருடம் கடந்தவராக இருந்தால் நல்லது. கோவில் மண்டபத்தின் பின்னறையையோ தேவாலய அறையையோ கேளுங்கள். "நோயாளர் கலந்துரையாடல்" என்று சொன்னால் போதும், தர்மகர்த்தாவுக்கு வரலாறு முழுவதும் தேவையில்லை. நேரத்தை மாற்றாதீர்கள், ஒருவரே வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். நான் இரண்டு ஞாயிறு தனியாக உட்கார்ந்து பத்திரிகை படித்துவிட்டுப் பூட்டியிருக்கிறேன். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் புத்தி சொல்லக்கூடாது, இது எங்கள் ஆட்களுக்கு மிகவும் கஷ்டமான விதி. வட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் நம்பரும் படமும் எல்லாருக்கும் தெரியும், கேட்டுவிட்டுச் சேருங்கள். உறுப்பினர்களுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டவே வேண்டாம். எங்கள் முதல் கூட்டம் பதினைந்தாயிரம் ரூபாவால்தான் உடைந்தது.

நான் இன்றைக்குக் காலையும் குடித்தேன். இந்த ஞாயிறு வரலாமா?

வாருங்கள். வாகனம் ஓட்டாமல் வாருங்கள். கதைக்க வேண்டியதில்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாக விடப்பட்டிருக்கும், இடையில் எழும்பிப் போக வசதியாக. நானும் முதல் இரண்டு முறை எழும்பிப் போனவன்தான். பிளேன்டீ ஊற்றி வைத்திருப்பேன். சீனிப் போத்தல் மேசையில் இருக்கும், நான்கு கரண்டி போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.